மதிலைக் கடந்து நீளும் ஊர்

நுழையும்முன்

பழைய ஊர் என்பது கல்லாலும் சுண்ணாம்பாலும் மட்டும் ஆவதன்று. மக்கள் விடாது பேணிவரும் வழக்கங்களாலும் ஆவது. அதனை உணர்த்தும் ஊர்களுள் ஒன்று ஸ்ரீமுஷ்ணம்.

ஐரோப்பிய இடைக்கால நகரங்கள் பலவற்றில் சந்தைத் திடலும் தேவாலயமும் நடுவிடம் பெற்றன. வீதிகள் அங்கிருந்தே கிளைத்தன. பிராகு நகரின் பழைய பகுதியில், 1410ஆம் ஆண்டைச் சேர்ந்த வானியல் கடிகாரம் இன்றும் மணி காட்டுகிறது. அந்நகரின் வரலாற்று மையத்தை யுனெஸ்கோ 1992இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. தமிழகத்துப் பழைய ஊர்களில் அந்நடுவிடம் கோயிலுக்கு உரியது. குளமும் தேரோடும் வீதிகளும் அதனைச் சூழ்ந்து அமைந்தன.

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்திற்குத் தெற்கே உள்ள ஸ்ரீமுஷ்ணம், திருமுட்டம் எனவும் வழங்கப்பெறும். இங்குள்ள பூவராக சுவாமி கோயில், திருமால் தானே தோன்றியதாக வைணவர் போற்றும் எட்டுத் தலங்களுள் ஒன்று. தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்பர் காலத்தில் இக்கோயில் விரிவுபெற்றது. புருஷசூக்த மண்டபத் தூண்களில் குதிரை வீரர்கள் பாய்ந்து வருகின்றனர். கோயிலை ஒட்டி நித்திய புஷ்கரணியும் அதன் கரையில் அரசமரமும் உள்ளன. பன்றி அகழ்ந்துண்ணும் கோரைக்கிழங்கே வராகப் பெருமானுக்குப் படைக்கும் சிறப்புப் பிரசாதம் ஆயிற்று. மண்ணில் விளையும் எளிய கிழங்கும் ஊரின் வரலாற்றைச் சொல்லும் சான்றாகிறது.

எனினும், இவ்வூரின் எல்லை கோயில் மதிலோடு முடிவதில்லை. மாசி மகத்தையொட்டி உற்சவர் கிழக்கே புறப்பட்டு, சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக் கடற்கரையில் தீர்த்தவாரி காண்கிறார். வழியில் ரகமத்துல்லா தர்காவின் முன் ஊர்வலம் நிற்கிறது. இசுலாமியர் மாலையும் பட்டும் அளித்து வரவேற்கின்றனர். கோயில் பிரசாதம் தர்காவிற்குச் செல்ல, அங்கே பாத்திஹா ஓதப்படுகிறது. இரு சமயத்தாரும் தத்தம் நெறியில் நின்றே ஒருவரையொருவர் மதிக்கும் காட்சி இது.

சிதைந்த தூணைச் சிற்பியர் சீர்செய்துவிடலாம். ஒருவரையொருவர் எதிர்கொண்டு வரவேற்கும் உறவு அறுந்துவிட்டால், அதனை எந்த உளியாலும் செதுக்கித் தர இயலாது. ஆகவே, பழைய ஊரைக் காத்தல் என்பது அதன் கட்டடங்களோடு அவ்வுறவையும் காத்தலாகும்.

கற்பவை கற்றபின்

உம் ஊர்த் திருவிழாவில் பல சமயத்தாரும் ஏற்றுவரும் பங்கினைப் பெரியோரிடம் கேட்டறிந்து, கட்டுரையாக எழுதுக.