சுவருக்குள் ஒரு வழி: தொலைக்காட்சிக் கம்பிகளை மறைக்கும் முறை

கூடத்துச் சுவரில் சித்திரப் படம்போல் மாட்டப்பட்டிருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியின் அடியிலிருந்து, மின்கம்பி ஒன்றும் டிஷ் கம்பி ஒன்றும் எச்.டி.எம்.ஐ. கம்பி இரண்டுமாகக் கொடிபோல் தொங்கிக்கொண்டிருந்தால், கூடத்தின் சௌந்தரியம் குன்றுவதோடு, தவழ்ந்து வரும் குழந்தை அவற்றைப் பிடித்து இழுத்துவிடும் அபாயமும் உண்டாகிறது. அவற்றைச் சுவருக்குள் மறைப்பது பெரிய சிரமமான காரியம் அன்று. எனினும், சுவருக்கு உரியது குழாய்தான் என்பதையும், அதனுள் செல்லும் கம்பி வந்து போகும் விருந்தாளி என்பதையும் ஆரம்பத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும். முதன்முறை என் வீட்டில் இந்த வேலை நடந்தபோது, குழாய் எதற்கு என்று எண்ணி, எச்.டி.எம்.ஐ. கம்பியை நேரே பூச்சுக்குள் புதைக்கச் சொல்லிவிட்டேன். மூன்றாம் வருஷம் படம் விட்டுவிட்டு வரத் தொடங்கியது. ஒரே ஒரு கம்பியை மாற்றுவதற்காக, வர்ணம் பூசிய சுவரை மறுபடியும் உடைக்க நேர்ந்தது.

1. சுவரை அறிதல்

நம் வீடுகளில் சுமை தாங்கும் சுவர் பெரும்பாலும் 9 அங்குலக் கனமும், அறைகளைப் பிரிக்கும் சுவர் நாலரை அங்குலக் கனமும் உள்ள செங்கற்சுவராக இருக்கும். குழாயைப் பதிப்பதற்காக மேலிருந்து கீழாக வெட்டும் காடியின் ஆழம் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், குறுக்கே வெட்டும் காடியின் ஆழம் ஆறில் ஒரு பங்கையும் தாண்டலாகாது. ஆகவே நாலரை அங்குலச் சுவரில் நேர்க்காடி ஒன்றரை அங்குலத்தோடு நின்றுவிட வேண்டும். குறுக்குக் காடியை அதில் அறவே தவிர்ப்பது உத்தமம். கான்கிரீட் தூண், உத்தரம், லிண்டல் ஆகியவற்றில் உளி படக்கூடாது. சுவர்கள் யாவும் கான்கிரீட்டாலேயே வார்க்கப்பட்ட அடுக்குமாடிகளிலும், உரிமையாளரின் சம்மதம் இல்லாத வாடகை வீடுகளிலும், சுவர்மேல் பொருத்தும் பிளாஸ்டிக் கேசிங்கை வாங்கி, சுவரின் நிறத்தையே அதற்கும் பூசிக்கொள்வதே தக்க வழி.

சுவிட்சுப் பலகைக்கு நேர்மேலும் நேர்கீழும் மின்கம்பி மறைந்திருக்கலாம். குளியலறையை ஒட்டிய சுவரில் தண்ணீர்க் குழாய் ஓடலாம். அந்த இடங்களை விலக்க வேண்டும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரும் இதற்கு ஏற்றதன்று.

2. இடம் குறித்தல்

43 அங்குலப் பெட்டி ஏறக்குறைய 38 அங்குல அகலமும் 22 அங்குல உயரமும் கொண்டது. அந்த அளவுக்குச் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, வீட்டார் யாவரும் வழக்கமான ஆசனங்களில் அமர்ந்து பார்த்து, திரையின் மத்தி கண்மட்டத்துக்கு, அதாவது தரையிலிருந்து சுமார் மூன்றரை அடிக்கு, வரும்படி உயரத்தை நிர்ணயித்துக்கொள்ளலாம். குழாயின் இரு முனைகளிலும் சுவரில் பதியும் கம்பிப் பெட்டிகளில், மேற்பெட்டி டி.வி.யின் பின்னாலும், கீழ்ப்பெட்டி டி.வி.க்குக் கீழுள்ள அலமாரியின் பின்னாலும் மறைய வேண்டும். மாட்டும் சட்டத்தின் தகடு மேற்பெட்டியை மூடிவிடாதபடி முன்பே அதை வைத்துப் பார்ப்பது அவசியம். அவ்விரு கம்பிப் பெட்டிகளுக்கும் இடையே தூக்குக்குண்டு விட்டுக் கோடு போட வேண்டும். சாய்வாக ஓடும் குழாய் எங்கே இருக்கிறது என்பது பின்னால் ஆணி அடிப்பவருக்குத் தெரியாது.

3. இரண்டு குழாய்கள்

மின்சாரத்துக்கு ஒரு குழாய், மற்றக் கம்பிகளுக்கு வேறொரு குழாய். இரண்டும் ஒரே குழாயில் கலக்கக்கூடாது. டி.வி.யோடு வரும் மின்கம்பியைச் சுவருக்குள் ஒருபோதும் செலுத்தலாகாது. அது கண்ணுக்குத் தெரியும்படி வெளியில் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. உள்ளே அதன் உறை பழுதுபட்டாலும் நமக்குப் புலப்படாது. அதற்குப் பதிலாக, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு, 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பிகளால் பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் 20 அல்லது 25 மில்லிமீட்டர் குழாய் வழியே கொண்டுவந்து, டி.வி.யின் பின்னால் 6 ஆம்பியர் சாக்கெட் ஒன்றை அமைக்கச் செய்ய வேண்டும். எச்.டி.எம்.ஐ. கம்பியின் தலை அகலமானது ஆகையால், அதற்குரிய குழாய் 9 அங்குலச் சுவரில் 40 அல்லது 50 மில்லிமீட்டரும், நாலரை அங்குலச் சுவரில் 32 மில்லிமீட்டரும் இருப்பது நலம்.

4. காடி வெட்டுதல்

எம்.சி.பி.யை இறக்கி, டெஸ்டரால் சோதித்து, மின்சாரம் இல்லை என்று நிச்சயித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு முகமூடியும் இன்றியமையாதவை. கட்டிங் மிஷினால் இணையான இரண்டு கோடுகளை அறுத்து, நடுவிலுள்ள செங்கல்லை உளியால் மெதுவாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். மெல்லிய சுவரில் ஓங்கி அடித்தால் மறுபக்கத்துப் பூச்சு உதிர்ந்துவிடும்.

5. குழாய் பதித்தல்

குழாயை அறுத்த முனைகளைத் தேய்த்து மழுங்கச் செய்ய வேண்டும். இல்லையேல் அவை கம்பியின் உறையைக் கிழித்துவிடும். திரும்பும் இடங்களில் செங்குத்தான எல்போவை விடுத்து, நீண்டு வளையும் பெண்டையே பொருத்த வேண்டும். மூடுவதற்கு முன்பே நைலான் நூல் ஒன்றை உள்ளே விட்டு, இரு முனைகளையும் முடிந்து, கலவை புகாதபடி வாய்களைக் காகிதத்தால் அடைத்துவிட வேண்டும். பின்னர் அளவு டேப்பை அருகில் பிடித்து, திறந்த காடியைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வது பிற்காலத்தில் பேருபகாரமாக இருக்கும்.

6. மூடுதல்

காடியைத் தண்ணீரால் நனைத்து, ஒரு பங்கு சிமெண்டும் நான்கு பங்கு மணலும் சேர்ந்த கலவையால் இரண்டு முறையாக நிரப்ப வேண்டும். காடியின் இருமருங்கிலும் இரண்டு அங்குலம் பழைய பூச்சைச் செதுக்கி, அதன்மேல் கோழிவலையை அடித்துப் பூசினால், பிறகு கோடாக வெடிப்பு விழுவது பெரும்பாலும் தவிரும். ஒரு வாரம் ஈரம் காயாமல் நீர் தெளித்து, அதுவரை புதிய சாக்கெட்டுக்கு மின்சாரம் கொடாமல் வைத்து, சுவர் நன்றாக உலர்ந்த பின்பே பட்டி வைத்து வர்ணம் பூச வேண்டும். அவசரப்பட்டு ஈரச் சுவரில் பூசிய வர்ணம் கொப்புளித்து உரிந்து போகும்.

7. கம்பி இழுத்தல்

குழாயின் நீளத்தோடு இரு முனைகளிலும் ஒன்றரை அடி கூட்டி எச்.டி.எம்.ஐ. கம்பியை வாங்கி, உள்ளே விடுமுன் வெளியிலேயே இணைத்து, படம் தெளிவாக வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தலையை டேப்பால் சுற்றி, நூலில் கட்டி, ஒவ்வொரு கம்பியாக இழுக்க வேண்டும். ஒவ்வொன்றோடும் புதிய நூல் ஒன்றையும் சேர்த்து இழுத்துவிட்டால், குழாயில் என்றும் ஒரு நூல் எஞ்சியிருக்கும். இறுதியாக, சட்டத்தின் போல்ட்டுகளைக் குழாயிலிருந்து மூன்று அங்குலமேனும் விலக்கி, பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் ஆழப் பதியும்படி முடுக்க வேண்டும்.

எடுத்த புகைப்படத்தின் பிரதி ஒன்றை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்துவிடுங்கள். பத்து வருஷம் கழித்துப் புதிய பெட்டியும் புதுவகைக் கம்பியும் வரும்போது, அந்த வேலையைச் செய்பவர் நமக்கு அறிமுகமே இல்லாதவராக இருக்கலாம். ஆனால் குழாய் ஓடும் இடம் அவர் கண்ணுக்கும், உள்ளே காத்திருக்கும் நூல் அவர் கைக்கும் கிடைக்குமாதலால், ஒரு பிடி சிமெண்டுகூட உதிராமல் அவர் தம் வேலையை முடித்துவிடுவார்.