சொல்லும் பொருளும்: மருத்துவக் குறிப்புகள் இடம் மாறும்போது

ஒரு தாளில் 7.2 என்று மட்டும் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அது நற்செய்தியா, அச்சத்திற்குரிய செய்தியா? எவராலும் சொல்ல இயலாது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி விழுக்காடாயின், சர்க்கரை நோயாளி இன்னும் சற்றுக் கவனம் செலுத்த வேண்டும் என்பது பொருள். ஹீமோகுளோபின் அளவாயின், அது கடுமையான இரத்தசோகை. பொட்டாசியம் அளவாயின், இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடிய அவசர நிலை. எண் ஒன்றே, பொருள் மூன்று. எண்ணுடன் வரவேண்டிய பெயர், அலகு, நேரம் ஆகியவையே அதற்குப் பொருள் தருகின்றன. இதனைப் பொருண்மை என்பர். இவ்விதழில் அதனைப் பற்றிச் சிறிது கற்போம்.

நம் பகுதிக்கு இது ஏன் முக்கியம்?

கவரைப்பேட்டையைச் சுற்றி வாழும் ஒரு குடும்பத்தின் மருத்துவக் குறிப்புகள் ஓரிடத்தில் இருப்பதில்லை. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி அரசு மருத்துவமனைகள், தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. மருந்தகம், சென்னை ஸ்டான்லி மருத்துவமனை எனப் பல இடங்களில் அவை சிதறிக் கிடக்கின்றன. ஆந்திர எல்லை அருகிலிருப்பதால் சூளூர்பேட்டைக்கும் நெல்லூருக்கும் செல்வோரும் உண்டு. சிப்காட் ஆலைகளில் பணிபுரியும் பீகார், ஒடிசா தொழிலாளர்களின் பழைய சீட்டுகள் வேறு மாநிலங்களில் எழுதப்பட்டவை. 2024 அக்டோபர் 11 அன்று இரவு, மைசூரிலிருந்து தர்பங்காவுக்குச் சென்ற பாக்மதி விரைவு வண்டி நம் நிலையத்தில் நின்றிருந்த சரக்கு வண்டியின் மீது மோதியதை நாம் மறக்கவில்லை. அத்தகைய வேளையில் காயமுற்றவர் பேச இயலாமற் போனால், அவருடன் இருக்கும் தாள்தான் அவருக்காகப் பேச வேண்டும். அது தெளிவாகப் பேசுமா என்பதே நம் கேள்வி.

அலகு

இந்தியாவில் இரத்தச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுகிறோம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று எழுதுகின்றனர். அங்குப் பணிபுரிந்து திரும்பியவரின் சீட்டில் சர்க்கரை 7.2 என்றிருந்தால், அதனை 18 ஆல் பெருக்க வேண்டும்; நம் கணக்கில் ஏறத்தாழ 130. அதுவும் வெறும் வயிற்றில் எடுத்ததாயின் சர்க்கரை நோயைக் குறிக்கும் அளவு; உணவுக்குப் பிறகு எடுத்ததாயின் இயல்பான அளவு. ஆகவே அலகோடு நேரமும் வேண்டும்.

இன்சுலினில் இது உயிர் சார்ந்த செய்தி. நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்ட குப்பியும் உண்டு, 100 யூனிட் கொண்ட குப்பியும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் உரிய ஊசி தனி. 100 யூனிட் குப்பியிலிருந்து 40க்குரிய ஊசியில் மருந்தை எடுத்தால், 40 என்ற கோடு வரை நிரப்பும்போது உடலில் ஏறுவது 100 யூனிட், இரண்டரை மடங்கு. மாற்றி எடுத்தாலோ 16 யூனிட் மட்டுமே ஏறும். குப்பியில் உள்ள எண்ணும் ஊசியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தல் வேண்டும்.

பெயர்

டோலோ, கால்பால் என்பன வெவ்வேறு வணிகப் பெயர்கள். உள்ளிருக்கும் மருந்து பாராசிட்டமால் ஒன்றே. சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருக்கும். இரு மருத்துவர்கள் இரு பெயர்களில் எழுதித் தந்ததை ஒருசேர உட்கொண்டால், நலமாக உள்ள பெரியவர்க்கே உரிய நாளொன்றுக்கு 4 கிராம் என்ற உச்ச வரம்பு தாண்டி ஈரல் பாதிப்புறலாம். எனவே மருந்தட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரையே குறித்துக்கொள்க.

நம் பேச்சு வழக்கிலும் இச்சிக்கல் உண்டு. 'மயக்கம்' என்னும் சொல்லைச் சிலர் தலைசுற்றலுக்கும், சிலர் நினைவிழத்தலுக்கும், சிலர் வெறும் சோர்வுக்கும் வழங்குகின்றனர். மூன்றுக்கும் செய்யவேண்டிய பரிசோதனைகள் வேறு. "மயக்கம் வந்தது" என்பதோடு நில்லாமல், கீழே விழுந்தாரா, அழைத்தபோது பதில் சொன்னாரா, எவ்வளவு நேரம் நீடித்தது என்று சொல்லுங்கள்.

வெற்றிடத்தின் பொருள்

ஒவ்வாமை என்ற கட்டம் காலியாக இருந்தால் ஒவ்வாமை இல்லை என்று பொருளா, எவரும் கேட்கவில்லை என்று பொருளா? இரண்டுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அவ்வெற்றிடம் ஆபத்தாக முடியலாம். 'ஒவ்வாமை எதுவும் இல்லை' என்று எழுதச் சொல்லுங்கள். இருந்தால் மருந்தின் பெயரையும் நேர்ந்த விளைவையும் எழுதச் சொல்லுங்கள்.

கணினிகள் எவ்வாறு புரிந்துகொள்கின்றன?

மனிதர் ஐயுற்றால் கேட்பர், கணினி கேட்பதில்லை. ஆகவே ஒவ்வொரு கருத்துக்கும் உலகப் பொதுக் குறியீடு வகுத்துள்ளனர். நோய்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாடு உண்டு; அதன் 11ஆம் பதிப்பு 2022 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆய்வகப் பரிசோதனைகளுக்கு 1994இல் தொடங்கப்பெற்ற லாயிங்க் குறியீடுகள் உள்ளன. எச்பிஏ1சி என்றோ கிளைகேட்டட் ஹீமோகுளோபின் என்றோ ஆய்வகம் எவ்வாறு எழுதினும், 4548-4 என்னும் எண் அப்பரிசோதனையையே குறிக்கும். மருத்துவச் சொற்களுக்கு ஸ்னோமெட் சிடி என்னும் பெருந்தொகுதி உண்டு. 2014இல் இந்தியா அதன் உறுப்பு நாடாயிற்று.

2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுமைக்கும் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் இத்தகைய பொதுத் தரங்களின் மேல் அமைந்தது. அதில் பெறும் 14 இலக்க 'ஆபா' எண்ணுடன் உங்கள் ஆவணங்களை இணைத்துக்கொள்ளலாம். உங்கள் இசைவின் பேரிலேயே அவை மற்றொரு மருத்துவமனையுடன் பகிரப்படும். ஆயினும் தாளைப் படம்பிடித்து ஏற்றினால் கணினிக்கு அது வெறும் படமே. குறியீட்டுடன் பதிந்தால்தான் பொருளும் உடன் செல்லும்.

நாம் செய்யத்தக்கவை

1. பரிசோதனை முடிவைக் கையால் படியெடுக்கும்போது பெயர், எண், அலகு, நாள், உணவுக்கு முன்னா பின்னா என ஐந்தையும் எழுதுங்கள்.
2. நாளை எழுதுகையில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 5/6 என்பதைச் சிலர் சூன் 5 என்றும், சிலர் மே 6 என்றும் படிப்பர்.
3. உட்கொள்ளும் மருந்துகளின் மூலப்பெயர், அளவு, வேளை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிப் பையில் வைத்திருங்கள்.
4. வீடு திரும்பும்போது தரப்படும் சுருக்கக் குறிப்பில் புரியாத சொல் ஒன்றேனும் இருந்தால், செவிலியரிடம் கேட்டுத் தமிழில் விளக்கம் பெறுங்கள்.

கேட்பதற்குத் தயங்க வேண்டா. அடுத்த மருத்துவமனையில் நள்ளிரவில் அத்தாளைப் பிரிக்கும் மருத்துவர் எங்களை அறியார், உங்களையும் அறியார். தாளில் எழுதியிருப்பதை மட்டுமே அறிவார்.