பூனையை வீட்டுக்குள் அழைக்குமுன்

சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹவுளோரம் அமர்ந்திருந்தோம். சென்னையில் அடுக்குமாடி வீடொன்றில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் சகோதரர் ஒருவர் வந்து ஸலாம் சொல்லி அருகில் உட்கார்ந்தார். "ஹஜ்ரத், பூனை வளர்ப்பது ஆகுமா?" என்று வினவினார். ஆகும் என்றோம். அத்துடன் எழுந்து போய்விடுவார் என்று எண்ணினோம். அவர் எழவில்லை. சற்று நேரம் தண்ணீரையே பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, "எங்கள் வீட்டில் வளர்ப்பது ஆகுமா?" என்று மறுபடியும் கேட்டார்.

முதல் கேள்விக்குக் கிதாபைப் பார்த்து விடை சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்குக் கேட்டவரின் வீட்டைப் பார்க்காமல் விடை சொல்ல முடியாது. அவர் வீட்டு நிலை இது: அவரும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். காலை எட்டு மணிக்குக் கதவைப் பூட்டினால் திரும்ப இரவு ஏழாகும். பத்து வயதில் ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டு நான்கு மணிக்கு வந்துவிடுவாள். இதுவரை அவருடைய தாயார் வீட்டிலிருந்தார்கள். நான்கு மாதங்களுக்கு முன்பு அவர்கள் வஃபாத்தாகிவிட்டார்கள். இப்போது அந்தப் பிள்ளை சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து தானே கதவைத் திறந்துகொள்கிறது. அதுதான் பூனை வேண்டும் என்று கேட்கிறது.

பூனையைப் பற்றிய மார்க்கச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஹஜ்ரத் அபூகதாதா (ரலி) அவர்களுக்கு மருமகளான கப்ஷா (ரலி) அவர்கள் ஒளுவுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அப்போது பூனையொன்று வந்தது. அபூகதாதா (ரலி) அவர்கள் அது குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். கப்ஷா (ரலி) வியப்புடன் பார்க்க, பூனை நஜீஸன்று, உங்களைச் சுற்றி வருபவற்றில் அதுவும் ஒன்று என நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை எடுத்துச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி முதலிய கிதாபுகளில் இது பதிவாகியுள்ளது. ஆகவே பூனை வாய் வைத்த தண்ணீர் நம் ஷாஃபிஈ மத்ஹபில் சுத்தமானதே. ஹனஃபி மத்ஹபில், வேறு தண்ணீர் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது சிறு அளவில் வெறுக்கத்தக்கது என்பர்.

இதற்கு மேல் பூனையைப் புகழ்வதற்காகச் சிலர் கதை சேர்க்கிறார்கள். பூனையை நேசிப்பது ஈமானின் ஒரு பகுதி என்று ஹதீஸ் போல வழங்கும் வாசகம் இட்டுக்கட்டப்பட்டது என்று ஹதீஸ் கலையில் வல்லவர்கள் தீர்ப்பளித்துள்ளனர். உறங்கும் பூனையை எழுப்ப மனமின்றி நாயகம் (ஸல்) அவர்கள் தம் சட்டைக் கையை வெட்டினார்கள் என்னும் கதைக்கும் நம்பத்தக்க ஹதீஸ் கிதாபுகளில் ஆதாரமில்லை. உள்ள ஹதீஸே நமக்குப் போதுமானது.

போதுமானது மட்டுமல்ல, அச்சுறுத்துவதும்கூட. ஒரு பூனையின் காரணமாக வேதனைக்குள்ளான பெண்ணைப் பற்றிய ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. நாம் மேடைகளில் இதைப் பிராணிகளை வதைக்கக் கூடாது என்பதற்குச் சொல்லிவிட்டுப் போகிறோம். ஊன்றிப் படித்தால் அவள் அதை அடித்ததாகவோ சுட்டதாகவோ அதில் இல்லை. அவள் செய்தது அடைத்து வைத்தது. தானும் தீனி கொடுக்கவில்லை; பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தேடித் தின்னட்டும் என்று விடவுமில்லை. அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. இரண்டையும் மூடினாள்.

இதை நாம் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. மதரஸாவில் ஓதிக் கொண்டிருந்த நாளில், பாய் தலையணை போட்டு வைக்கும் அறையின் சாவி நம் பொறுப்பில் இருந்தது. சாம்பல் நிறப் பூனையொன்று அந்தப் பாய்களின் மேல் படுத்துறங்கும். மீன் தலை வைத்து அதைப் பழக்கியவர்களும் நாமே. ரமளான் விடுமுறைக்கு ஊர் போகும் அவசரத்தில் உள்ளே பார்க்காமலே பூட்டிவிட்டு ரயிலேறினோம். நான்காம் நாள் சத்தம் கேட்டுக் காவலாளி பூட்டை உடைத்தார். பூனை உயிருடன் இருந்தது. எழுந்து நடக்கவில்லை. தண்ணீர் தொட்டு வைத்து அவர்தாம் பிழைக்க வைத்தார். விடுமுறை கழிந்து திரும்பியபோது எங்கள் உஸ்தாது அவர்கள் ஏசவில்லை. பாடம் தொடங்கிய அன்று அந்த ஹதீஸை நம்மையே வாசிக்கச் சொன்னார்கள். 'அடைத்து வைத்தாள்' என்னும் சொல்லில் நம் நாக்கு நின்றுவிட்டது. அந்தச் சகோதரர் கேட்டபோது அந்த அறையின் நினைவுதான் முதலில் வந்தது.

நம் உம்மாமார் வளர்த்த பூனை வேறு. அது ஓட்டுக் கூரையிலும் கொல்லையிலும் திரியும். மீன் அறுக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கும். நாம் ஒருவேளை மறந்தால் எலி பிடிக்கும், அடுத்த வீட்டுக்குப் போகும். பிராணிக்குத் தீனி கொடுப்பது உரிமையாளரின் மீது கடமை என்று கூறும் ஃபுகஹாக்கள், மேய விட்டால் அதற்குப் போதுமென்றிருந்தால் விட்டுவிடலாம் என்றும், போதாவிட்டால் தாமே கொடுத்தாக வேண்டுமென்றும் விளக்குகிறார்கள். மூன்றாம் மாடி வீட்டில் மேய இடமேது? வண்டிக்கும் நாய்க்கும் பயந்து, பூனையை வெளியில் விடாமல் வளர்ப்பது அதன் உயிருக்கு நல்லதுதான். ஆனால் அப்படி வைத்த நொடியிலிருந்து அதன் உணவு, தண்ணீர், கழிவு, விளையாட்டு அனைத்தும் நம் கழுத்தில் ஏறிவிடுகின்றன. பூட்டிய வீட்டில் மறதிக்கு மன்னிப்புக் கேட்க அங்கே எலிகூட இல்லை!

ஆகவே அந்தச் சகோதரரிடம் அவர் வீட்டு நேரத்தைக் கணக்குப் பார்க்கச் சொன்னோம். வளர்ந்த பூனை ஒரு நாளில் பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம் வரை உறங்கும். எனவே பகலில் வீடு பூட்டியிருப்பது தன்னளவில் கொடுமையாகாது. காலையும் மாலையும் இருவேளை தீனி, எப்போதும் சுத்தமான தண்ணீர், அது மலஜலம் கழிக்க மணல் தட்டு, தட்டை நாள்தோறும் அள்ளிச் சுத்தம் செய்வது, இரு வேளையும் கால் மணி நேரமாவது கயிறோ பந்தோ ஆட்டி அதை ஓடவிடுவது. இவ்வளவும் உழைக்கும் குடும்பத்துக்கு முடியாததல்ல. குட்டியின் கதை வேறு. எட்டு வாரம் ஆகுமுன் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. ஆறு மாதம் வரை நாளைக்கு மூன்று நான்கு முறை ஊட்ட வேண்டும். கயிறு, திரைச்சீலை, மின்கம்பி எதையும் கடிக்கும். பதினொரு மணி நேரம் பெரியவர்கள் இல்லாத வீட்டில் தனிக் குட்டியை விடுவது நமக்குச் சரியாகப் படவில்லை.

தீனியைத் தானே கொட்டும் கருவி கடையில் கிடைக்கிறதே என்றார். கிடைக்கிறது. அது தீனியைக் கொட்டும், பூனை தின்றதா என்று பார்க்காது. ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அது மணலில் உட்கார்ந்து முக்குவதைக் கண்ணால் பார்ப்பவர் ஒருவர் வீட்டில் வேண்டும். பாலும் சோறும் போதும் என்பதும் பழைய நினைப்பு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. இறைச்சியோ மீனோ இன்றி அதன் உடல் தாங்காது. வெங்காயம், பூண்டு அதற்கு நஞ்சு. நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். அன்பினால் கொடுத்து இழந்தவர்கள் உண்டு.

இனி யார் செய்வது என்பது. இதில் ஆண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். பூனை சுன்னத்தான பிராணி என்று பேசிக்கொண்டே கொண்டுவந்து விடுவோம். மூன்றாம் நாளிலிருந்து மணல் தட்டு வீட்டுப் பெண்ணின் வேலையாகிவிடும். பத்து மணி நேரம் வெளியில் உழைத்து வந்து அடுப்பில் நிற்பவளின் மேல் இன்னொரு சுமை! "உங்கள் மனைவி விரும்புகிறாரா?" என்று கேட்டோம். "இன்னும் கேட்கவில்லை" என்றார். முதலில் அதைக் கேளுங்கள் என்றோம். கருவுற்ற பெண்கள் அந்தத் தட்டைத் தொடாதிருப்பதே நல்லது. பூனையின் மலத்தின் வழியாக டாக்ஸோபிளாஸ்மா என்னும் கிருமி பரவிக் கருவைப் பாதிக்கக்கூடும். அக்கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், வேறொருவர் தினந்தோறும் அள்ளிவிட்டால் ஆபத்து பெரிதும் குறையும்.

சுத்தத்தைப் பற்றி நம் தாய்மார்கள் அதிகம் கேட்பது ரோமத்தை. ஷாஃபிஈ மத்ஹபில், உண்ண ஆகாத பிராணியின் உடலிலிருந்து அது உயிருடனிருக்கையில் பிரிந்த ரோமம் நஜீஸ். எனினும் சிறிதளவு மன்னிக்கப்படும். ஹனஃபியில் அது சுத்தமே. ஆகவே தொழும் ஆடையில் இரண்டொரு ரோமம் கண்டு வஸ்வாஸில் விழ வேண்டாம். முஸல்லாவை விரித்தே போட்டுப் பூனைக்குப் படுக்கையாக்கவும் வேண்டாம். தொழுததும் மடித்து அலமாரியில் வைத்தால் போதும். பூனையின் மூத்திரமும் மலமும் இரு மத்ஹபிலும் நஜீஸே. தட்டைக் கழிப்பறைப் பக்கம் வையுங்கள், தொழும் அறையில் வேண்டாம்.

அண்டை வீட்டாரையும் மறக்கக் கூடாது. பறவையையோ உணவையோ நாசமாக்கும் பழக்கமுள்ளது என்று அறியப்பட்ட பூனை சேதம் விளைவித்தால், இரவாயினும் பகலாயினும் உரிமையாளர் ஈடு கொடுக்க வேண்டும் என்பதே மிகச் சரியான கருத்து என்று இமாம் நவவி (ரஹ்) மின்ஹாஜில் கூறியிருக்கிறார்கள். மூன்றாம் மாடிப் பால்கனிக்கு வலையடிப்பது அண்டை வீட்டுப் புறாவுக்கும் நல்லது, கீழே விழக்கூடிய பூனைக்கும் நல்லது.

விலை கொடுத்து வாங்கலாமா என்பதில், பூனையின் கிரயத்தைத் தடுக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. நம் இமாம்கள் அதைக் காட்டுப் பூனையைக் குறிப்பதாகவோ, இலவசமாகக் கொடுப்பதே சிறப்பு என்னும் கருத்திலோ விளக்கி, வளர்ப்புப் பூனையின் விற்பனையை ஆகுமாக்கியுள்ளனர். அறுவையால் குட்டி போடாமல் செய்வது பற்றி ஷாஃபிஈ கிதாபுகளில் தடை இருக்கிறது. பயனோ தீங்கைத் தடுத்தலோ இருந்தால் ஹனஃபியில் அனுமதியுண்டு. ஆண்டுக்கு இரண்டு ஈற்றுக் குட்டிகளைத் தெருவில் கொண்டு போய் விடுவது இதைவிடப் பெரிய தீங்கு என்பதே நம் எண்ணம். எனினும் அவரவர் உஸ்தாதைக் கேட்டுச் செய்யட்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் மற்றத் தடுப்பூசிகளையும் தவிர்க்கவே கூடாது. அந்தச் செலவைத் தாங்க முடியாதவர் தொடக்கத்திலேயே நின்றுகொள்வது நல்லது. வீட்டுக்குள் வளரும் பூனை பதினைந்து ஆண்டுகூட வாழும்.

அந்தப் பிள்ளையின் தனிமையைப் பற்றியும் பேசினோம். பூனை இருக்கிறதே என்று தாயும் தந்தையும் இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்து வந்தால், வீட்டில் தனித்திருப்பவர்கள் இருவராவார்கள், அவ்வளவுதான். இருவரில் ஒருவராவது ஐந்தரைக்குள் வீடு திரும்ப வழியுண்டா என்று பார்க்கச் சொன்னோம். ஊருக்கும் உம்ராவுக்கும் போகும்போது தீனி வைக்கப் போகிறவர் யார் என்று பெயர் சொல்லும்வரை பூனையைக் கொண்டுவர வேண்டாம் என்றும் சொன்னோம். முகத்தைச் சுளித்தார், ஆனால் மறுக்கவில்லை.

சென்ற ஜும்ஆவில் மறுபடி வந்தார். மனைவி சம்மதித்துவிட்டாராம், மணல் தட்டு அவருடைய பொறுப்பு என்னும் நிபந்தனையுடன். மனைவிக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கிடைத்திருக்கிறது. மற்ற நாட்களில் அவர் ஐந்தரைக்குள் வந்துவிடுகிறார். இரண்டாம் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வெளியூர் போகும்போது பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார். குட்டி வேண்டாமென்று முடிவு செய்து, வெளிநாடு போகும் குடும்பமொன்றின் நான்கு வயதுப் பூனையை இலவசமாகப் பெறப் போகிறார்கள். பால்கனிக்கு வலையடிக்கும் ஆள் இன்னும் வரவில்லையாம். வலை வந்த பிறகுதான் பூனை என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். அவள் தினமும் நான்கு மணிக்கு வந்ததும் போன் செய்து ஆள் எப்போது வருவார் என்று கேட்கிறாளாம்.