ஒல்லாந்தர் இல்லமும் நம் திண்ணையும்

நம் தண்பொருநை கடலொடு கலக்கும் இடத்திற்கு வடக்கேயுள்ள தூத்துக்குடியை 1658-ஆம் ஆண்டிற் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், இலங்கைக் கரையிலும் ஆட்சி நிறுவினர். அன்னோர்தம் இல்லங்களை ஆராய்வார்க்கு ஓர் உண்மை புலனாகும்.

குளிர்மிக்க ஒல்லாந்து நாட்டுச் சிற்றூர்களிற் பழைய பண்ணைவீடு பெரும்பாலும் ஒரே பெருங்கூரையின்கீழ் அமைந்தது. முற்பகுதியில் மக்களும் பிற்பகுதியில் ஆனினமும் உறைய, பரணில் உலர்ந்த புல் நிறைந்திருக்கும். கணப்படுப்பே இல்லத்தின் உயிர்நிலை. அதன் சுவரை நீலச் சித்திரந் தீட்டிய வெள்ளோடுகள் அணிசெய்தன. படுக்கையோ, சூடு நீங்காவண்ணம் சுவரினுள் அமைத்துக் கதவிட்ட பேழை போன்றது.

அம்மக்களே இலங்கையில் வீடெடுத்தபோது கனலை நாடாது நிழலை நாடினர். கொழும்புப் பேட்டையில் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்து, 1982 முதல் அரும்பொருட்காட்சிச்சாலையாய் விளங்கும் ஒல்லாந்த மாளிகையில், தடித்த சுவரும் தூண் நிறுத்திய தாழ்வாரமும் பின்முற்றமும் காணலாம். தம் நாட்டில் வாயிற்படியை ஒட்டிய சிறு மேடைக்கு அவர் இட்ட பெயரே, ஈண்டு அகன்ற தாழ்வாரத்திற்கு ஆகி, ஈழத்தமிழில் 'இஸ்தோப்பு' என வழங்கியது. மேசையின் இழுப்பறையைக் குறிக்கும் 'லாச்சி'யும் அவர் மொழியினின்று வந்ததே.

ஆகவே, இல்லத்தை வகுப்பவன் தச்சன் மட்டுமல்லன். வெயிலும் காற்றும் உடன்வகுப்பனவாம். நாமோ இன்று திண்ணையை இடித்துக் கம்பிக்கதவு இடுகின்றோம். கடல்கடந்து வந்தோர் நம் வெயிலிடம் கற்ற பாடத்தை, இம்மண்ணிற் பிறந்தோர் மறத்தல் தகுமோ?