பாதி உங்களுக்கு என்றால், எதில் பாதி?

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துக்காரர்களின் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தாண்டியது. தமிழில் அதுதான் முதல். அதிலிருந்து காரைக்குடிப் பக்கமும் கேமராவைத் தூக்காதவர் குறைவு. கானாடுகாத்தான் வீடு, ஆத்தங்குடிக் கல், கந்தரப்பம் என்று நாலு வீடியோ ஓடிவிட்டால் போதும், பெரிய சேனலிலிருந்து போன் வரும்: "உங்க வீடியோவ எங்க சேனல்லயும் போட்டுக்கிறோம், விளம்பரக் காசுல பாதி உங்களுக்கு."

செய்ய வேண்டியவை

• எதில் பாதி என்று கேளுங்கள். நீள வீடியோவில் ஓடும் விளம்பரத்துக்கு 100 ரூபாய் வந்தால் யூடியூப் 45 எடுத்துக்கொள்ளும். மிச்சம் 55. அந்தச் சேனல் ஏதாவது நெட்வொர்க்கின் கீழ் இருந்து, நெட்வொர்க் 30 சதவீதம் பிடித்தால் 16.50 போய்விடும். மிஞ்சும் 38.50-இல் பாதி 19.25. அதற்கு மேல் "எடிட்டிங் செலவு", "புரமோஷன் செலவு" என்று ஆரம்பித்தால் கையில் நிற்பது டீக்காசுதான். எதெது கழியும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வேறெதுவும் கழியாது என்ற வரியையும் சேருங்கள்.

• கையெழுத்து வாங்குங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமையை எழுத்தில்தான் கொடுக்க முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்று கொள்ளப்படும். ஒரு வருஷத்துக்குத்தானே கொடுத்தோம் என்று நீங்கள் இருப்பீர்கள். தாளில் அது இல்லையென்றால் ஐந்து வருஷம்.

• யூடியூப், பேஸ்புக், டிவி, ஓடிடி என்று பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். நம்மூருக்கு இது பழைய சங்கதி. பாரதி பாடல்களின் இசைத்தட்டு உரிமை காரைக்குடி ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தது; அச்சு உரிமை வேறிடத்தில். 1948-இல் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாடல் வர, தகராறு மூண்டது. 1949-இல் அவர் தம் உரிமையை அரசுக்கு விட்டுக்கொடுத்தார். எல்லோரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

• மாதாமாதம் வீடியோ வாரியாக வருமான அறிக்கை கேளுங்கள். வியூஸ் எண்ணிக்கையை மட்டும் அனுப்புவார்கள், அது கணக்காகாது. அமெரிக்காவில் ஒருவர் பார்த்தால் வரும் காசு வேறு, அமராவதிபுதூரில் பார்த்தால் வருவது வேறு. யூடியூப் விளம்பரக் காசு வந்துசேரும் கணக்கான ஆட்சென்ஸிலிருந்து பணம் மாதம் 21 முதல் 26-க்குள் அனுப்பப்படும். அதிலிருந்து எத்தனை நாளில் உங்கள் பங்கு வர வேண்டும் என்று தேதி போடுங்கள்.

• சமைத்துக் காட்டிய ஆச்சிக்கும் ஒரு பங்கு பேசிவிடுங்கள். பங்காளிகளின் பொது வீட்டில் எடுப்பதானால் சாவி வைத்திருப்பவரின் சம்மதம் போதாது. இங்கிருக்கும் பங்காளி சரி என்பார். கோலாலம்பூரில் இருக்கும் பங்காளி வீடியோவைப் பார்த்துவிட்டு போன் போடுவார்.

செய்யக்கூடாதவை

• ஒரே வீடியோ வேறெங்கு வந்தாலும் யூடியூப் தானாகக் கண்டுபிடிக்கும் கண்டென்ட் ஐடியில் பதியும் உரிமையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள். சிறிய சேனல்களுக்கு அந்த வசதி இல்லை, பெரியவர்களிடம் இருக்கிறது. உங்கள் வீடியோவை அவர்கள் தங்கள் பெயரில் பதிந்துவிட்டால், நீங்களே போட்ட வீடியோவின் விளம்பரக் காசு அவர்களுக்குப் போகத் தொடங்கும். உங்கள் சேனலுக்கு விலக்கு என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அப்படியும் உரிமைக்கோரல் வந்துவிட்டால் 5 நாளுக்குள் மறுப்பைப் பதியுங்கள்; முதல் நாளிலிருந்து வரும் காசை யூடியூப் நிறுத்தி வைக்கும். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள்.

• இரண்டு பேருக்குத் 'தனி உரிமை' எழுதிக் கொடுக்காதீர்கள்.

• வாங்குகிறவராக நீங்கள் இருந்தால், அடுத்தவர் வீடியோவை அப்படியே ஏற்றாதீர்கள். சொந்தக்காரர் அனுமதி கொடுத்திருந்தாலும் 'ரீயூஸ்டு கண்டென்ட்' என்று மானிடைசேஷன் நின்றுபோகலாம். உங்கள் குரலோ விளக்கமோ அதில் சேர வேண்டும்.

• ஷார்ட்ஸுக்கும் அதே கணக்கைப் போடாதீர்கள். 2023 பிப்ரவரியிலிருந்து அது தனி: விளம்பரக் காசைப் பொதுவில் திரட்டி, வியூஸ்படி ஒதுக்கி, அதில் 45 சதவீதம் தருகிறார்கள். ஒப்பந்தத்திலும் தனி வரி வேண்டும்.

• ஆட்சென்ஸில் அமெரிக்க வரிப் படிவத்தைக் காலியாக விடாதீர்கள். நிரப்பியவருக்கு அமெரிக்கப் பார்வையாளர் தந்த வருமானத்தில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பு. நிரப்பாதவருக்கு மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை போகலாம். பங்கு பிரிவது அதற்குப் பிறகுதான் என்பதால், கூட்டாளி நிரப்பியிருக்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள்.