வெயில் ஊரிலும் வைட்டமின் டி குறையுமா?



நம்ம ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனாலும் 2016 முதல் 2018 வரை மத்திய அரசு நாடு முழுவதும் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து எடுத்த ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளில் 100க்கு 14 பேருக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தது. 10 முதல் 19 வயதில் அதுவே 100க்கு 24 பேர். பிள்ளை வளர வளர இந்தக் குறை கூடுகிறது, கவனியுங்கள்.

நாம் கேழ்வரகுக் கூழும் கீரையும் கொடுக்கிறோம். அதில் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அந்தச் சத்து குடலிலிருந்து உடம்பில் சேர வைட்டமின் டி வேணும். அது இல்லாவிட்டால் எலும்பு இறுகாது. பிள்ளை எழுந்து நின்றதும் பாரம் தாங்காமல் கால் வளையும். இதற்குப் பெயர் ரிக்கெட்ஸ்.

ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, உச்சிக்குழி மூடவில்லை, பல் முளைக்கத் தாமதம், மணிக்கட்டு புடைத்திருக்கிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு வயதுக்குள் கால் லேசாக வளைந்திருப்பது பல பிள்ளைகளுக்கு இயல்பு, தானே சரியாகும். அதற்கு மேலும் வளைவு நின்றால், கூடினால் விடக் கூடாது. சத்து ரொம்பக் குறைந்தால் கைக்குழந்தைக்கு வலிப்புகூட வரும். அப்போது மந்திரிக்கப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இந்த வைட்டமின் சாப்பாட்டில் கொஞ்சம்தான் கிடைக்கும். பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவை 600 யூனிட். ஒரு முட்டை மஞ்சள் கருவில் இருப்பது சுமார் 40 யூனிட். மத்தி மீனில் கூடுதலாக உண்டு. மீதியை வெயில் பட்டு நம் தோல்தான் தயாரிக்கணும்.

எந்த வெயில்? காலை 7 மணி இளவெயிலில் காட்டுவது நம் பாட்டிமார் பழக்கம். உடம்புக்கு இதமாக இருக்கும், ஆனால் வைட்டமினை உண்டாக்கும் கதிர் அந்த நேரத்தில் மிகக் குறைவு. நிழலைப் பாருங்கள். நம் நிழல் நம்மை விடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் சரியான நேரம். சுமாராக 10 மணிக்கு மேல், 3 மணிக்குள். அப்போது பிள்ளைகள் முகம், கை, கால் வெளியே தெரிய அரை மணி நேரம் விளையாடினால் நல்லது. கத்திரி வெயிலில் நேரத்தைக் குறைத்து, தண்ணீர் கொடுத்து, தலையில் துணி போட்டு விடுங்கள். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் பலன் இல்லை.

ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "பிள்ளை கறுத்துப் போயிடாதா மேடம்?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் பாதிப் பேர் மனசிலும் அதே கேள்விதான். பெண் பிள்ளை என்றால் இந்தக் கவலை இன்னும் கூடுதல். வயசுக்கு வந்ததும் வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுகிறோம். எலும்பு வளர்ந்து உறுதியாகிற வயசே அதுதான். மாநிறமும் கறுப்புமான நம் தோலுக்கு, வெளுத்த தோலை விட வெயில் கூடுதல் நேரம் வேணும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

கைக்குழந்தை கதை வேறு. உச்சி வெயிலில் போட்டால் தோல் வெந்துவிடும். தாய்ப்பால் போல எதுவும் இல்லை, ஆனால் அதில் வைட்டமின் டி குறைவு. நாளெல்லாம் வீட்டுக்குள் பீடி சுற்றும், மில்லில் ஷிப்ட் பார்க்கும் தாயிடமே இருப்பு குறைவாக இருந்தால் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? அதனால்தான் பிறந்ததிலிருந்து ஒரு வயது வரை தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள் குழந்தை டாக்டர்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் அளவு வேறுபடும். எத்தனை சொட்டு என்று டாக்டரிடமோ நர்சிடமோ கேட்டு, அந்த பாட்டிலோடு வரும் குழாயிலேயே அளந்து கொடுங்கள். பெரியவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் 60,000 யூனிட் பாக்கெட்டை மெடிக்கலில் வாங்கி நாமாகப் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுக்கவே கூடாது. அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்பு ஏறி, வாந்தி, மலச்சிக்கல் வந்து சிறுநீரகமே கெடலாம்.

அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கு ஒரு முறை டாக்டர் குழு வண்டியில் வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. அவர்கள் பார்க்கும் நோய்ப் பட்டியலில் ரிக்கெட்ஸும் உண்டு, செலவு கிடையாது. வரும் தேதியை டீச்சரிடம் கேட்டுக் குழுக் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள்.