படம் அனுப்பும்போது சார்ஜ் எங்கே போகிறது?

நூறு நாள் வேலையின் வருகைப்பதிவைக் கைபேசிச் செயலியில் படமெடுத்து ஏற்றுவது 2023 ஜனவரி முதல் கட்டாயமானது. நாளுக்கு இரண்டு முறை. ஏரிக்கரையில் நிற்கும் பணித்தளப் பொறுப்பாளரின் போனில் சார்ஜ் தீர்ந்து படம் ஏறாமல் போனால், அடிபடுவது மண் சுமந்தவர்களின் கூலி. மதியத்துக்குள் சார்ஜ் ஏன் இறங்குகிறது என்று கேட்டால், போன் பழசு, பேட்டரி மட்டம் என்பார்கள். பல நேரம் காரணம் அதுவல்ல. தரவை வாங்குவதைவிட அனுப்புவதுதான் போனுக்குப் பாடு. மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஏடி அண்ட் டி ஆய்வகமும் 2012-ல் வெளியிட்ட அளவீட்டில், 4ஜியில் ஒரு மெகாபிட் அனுப்பக் கூடுதலாகச் செலவாகும் ஆற்றல், அதைப் பெற ஆவதைப்போல் ஏறத்தாழ 8 மடங்கு இருந்தது.

நம்பிக்கை: அதே படம்தானே, எங்கிருந்து அனுப்பினாலும் சார்ஜ் ஒன்றுதான்.

இல்லை. பெரிய டவர் பத்துக் கணக்கான வாட்டில் பேசுகிறது. சாதாரண 4ஜி போன் ஆன்டெனா வழியே வெளிவிடக்கூடியது அதிகபட்சம் 0.2 வாட். அந்த 0.2 வாட்டை உண்டாக்க பேட்டரியிலிருந்து அதைப்போல் பல மடங்கு எடுக்க வேண்டியிருக்கிறது. மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. எவ்வளவு உரக்கப் பேச வேண்டும் என்பதைப் போன் மட்டும் தனியே முடிவு செய்வதில்லை. கூட்டு, குறை என்று டவர் ஓயாமல் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. டவர் பக்கத்தில் இருந்து நடுவில் மறைப்பும் இல்லையென்றால் சொற்ப ஆற்றலே போதும். தொலைவு, தோப்பு, கான்கிரீட் சுவர் என்று குறுக்கே வரவர ஆற்றல் உச்சத்துக்கு ஏறுகிறது. 4ஜி விதிமுறைப்படி அடிமட்டத்துக்கும் உச்சத்துக்கும் இடையே சுமார் 20 லட்சம் மடங்கு. போனின் மற்ற பாகங்களுக்கென்று ஒரு நிலையான செலவு இருப்பதால் பேட்டரி அதே விகிதத்தில் இறங்காது என்பது உண்மை. ஆனால் இன்னொரு அடியும் சேர்ந்து விழுகிறது: சிக்னல் மோசமான இடத்தில் வேகம் குறைகிறது, டவருக்குச் சரியாகக் கேட்காத துண்டுகளைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கிறது. அதிக ஆற்றல், அதுவும் அதிக நேரத்துக்கு. கட்டடத்துக்குள்ளிருந்து வெளியே வந்தோ, மேட்டில் ஏறியோ அனுப்புவது வேகத்துக்கு மட்டுமல்ல, பேட்டரிக்கும் நல்லது.

நம்பிக்கை: திரையில் சிக்னல் கோடு நிறைய இருக்கிறது, அனுப்புவதில் சிக்கலில்லை.

டவரின் குரல் போனுக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதைத்தான் அந்தக் கோடுகள் காட்டுகின்றன. போனின் குரல் டவருக்கு எப்படிக் கேட்கிறது என்பதை அவை காட்டுவதில்லை. மெலிந்த பக்கம் பெரும்பாலும் போனுடையது. வீடியோ தடங்கலில்லாமல் ஓடுகிற இடத்தில் படம் மட்டும் ஏறாமல் சுற்றிக்கொண்டிருப்பது இதனாலும்தான்.

நம்பிக்கை: குட்டிச் செய்திக்கெல்லாம் சார்ஜ் ஆகாது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். செய்தி போன மறுகணமே, டவரோடு பேசும் போனின் ரேடியோ பாகம் தூங்கிவிடுவதில்லை. அடுத்து ஏதாவது வருமோ என்று விழித்திருக்கிறது. மேலே சொன்ன அளவீட்டில் அந்தக் காத்திருப்பு 11 நொடியைத் தாண்டியது. "சரி" என்ற ஒற்றைச் சொல்லுக்கும் அதே காத்திருப்பு. நிமிடத்துக்கு ஒருமுறை இருப்பிடத்தை அனுப்பும் செயலி சில நூறு பைட்டுகளுக்காக ரேடியோவை நாளெல்லாம் எழுப்பிக்கொண்டே இருக்கிறது. பத்துப் படங்களைப் பத்து நேரத்தில் அனுப்புவதைவிட, சேர்த்து ஒரே நேரத்தில் அனுப்புவது தெளிவாகச் சிக்கனம்.

நம்பிக்கை: எதையும் சுருக்கி அனுப்பினால் மிச்சம்.

பாதி உண்மை. எம்ஐடியின் பார், அசனோவிச் இருவரும் 2003-ல் காட்டியபடி, ஒரு பிட்டைக் காற்றில் அனுப்ப ஆகும் ஆற்றல், செயலி சில்லு ஒரு கணக்கைப் போட ஆவதைப்போல் ஆயிரம் மடங்கைத் தாண்டலாம். ஆகவே சுருக்குவது லாபம்தான் என்று தோன்றும். ஆனால் அதே ஆய்வு, சுருக்கும் மென்பொருள் நினைவகத்தை அதிகமாகப் புரட்டினால் மிச்சத்தைவிடச் செலவு கூடிவிடும் என்றும் காட்டியது. கேமரா எடுக்கும் ஜேபெக் படம் ஏற்கெனவே சுருங்கியதுதான். அதை ஜிப் செய்வதில் பயனில்லை. படத்தின் அளவைக் குறைத்து எடுப்பதில்தான் மிச்சம்.

பக்கத்தில் டவர் இருந்தால் போன் அதிகமாகக் கதிர்வீசும் என்ற பயத்துக்கும் முதலில் பார்த்த ஆற்றல் கணக்கே பதில் சொல்கிறது. டவர் தள்ளிப்போகப் போகத்தான் காதோரம் இருக்கும் போன் உரக்கப் பேச வேண்டியிருக்கிறது.

சிக்னலே எட்டாத இடத்தில் போனை ஏர்பிளேன் மோடில் வைத்தால், வீணாக டவரைத் தேடும் செலவு நிற்கும். ஆனால் எல்லாச் சுமையையும் போன் வைத்திருப்பவர் தலையிலேயே ஏற்றுவது நியாயமில்லை. வைஃபை கிடைக்கும்போது அனுப்பு, சார்ஜ் ஏறும்போது அனுப்பு, மற்ற வேலைகளோடு சேர்த்து அனுப்பு என்று சொல்லிவைக்கும் வசதி ஆண்ட்ராய்டில் 2014 முதலே இருக்கிறது. களப்பணியாளர்களுக்குச் செயலி எழுதுகிறவர்கள், படமெடுத்த நேரத்தையும் இடத்தையும் படத்தோடு பதிந்துவிட்டு, அதை அனுப்பும் வேளையைப் போனின் முடிவுக்கு விட்டுவிடலாம்.